கன்டெய்னரின் கதவை மூடும் முன்

ஒரு கன்டெய்னரை அனுப்ப உட்காரும்போது முதலில் கையில் எடுக்க வேண்டியது நாட்காட்டி. கட்டண ஒப்பீடு அதற்குப் பிறகு. சரக்கு வாங்குபவரின் கிடங்கில் எந்த நாளில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: அந்தப் பக்கத்து லாரிப் பயணம், சுங்க அனுமதி, துறைமுகத்தில் இறக்கும் நாட்கள், கடற்பயணம், இந்தப் பக்கத் துறைமுகத்தில் காத்திருக்கும் நாட்கள், சரக்கு ஏற்றும் நாள். பலரும் கப்பல் நிறுவனம் சொல்லும் வருகைத் தேதியை உறுதியானதாக வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. 2024-ல் உலக அளவில் கன்டெய்னர் கப்பல்களில் ஏறக்குறைய பாதிதான் அறிவித்த நாளையொட்டித் துறைமுகம் சேர்ந்தன.

2023 டிசம்பரில் செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாம் வரை சூயஸ் வழியே சுமார் 8,500 கடல் மைல். முனையைச் சுற்றினால் சுமார் 11,800. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் ஒரு நாளைக்கு 360 மைல் ஓடும் கப்பலுக்கு இந்த 3,300 மைல் ஒன்பது நாட்களுக்கு மேல். பயண நாட்கள் கூடுவதோடு தொல்லை முடிவதில்லை. அட்டவணை குலைந்த கப்பல்கள் ஒரே வாரத்தில் கூட்டமாக வந்து சேரும்போது துறைமுகம் நெரிகிறது. காலிக் கன்டெய்னர்கள் திரும்பிவரத் தாமதமாகி, புக்கிங் கையில் இருந்தும் பெட்டி கிடைக்காமல் போகிறது. அதே 2023-ல் வறட்சியால் பனாமா கால்வாய்க்கு நீர் தரும் கட்டூன் ஏரியின் நீர்மட்டம் இறங்கி, கப்பல்கள் நீருக்குள் இறங்க அனுமதித்த மிதவை ஆழம் 50 அடியிலிருந்து 44 அடியாகக் குறைக்கப்பட்டது. வழக்கமாக நாளொன்றுக்கு 36 கப்பல்கள் கடக்கும் இடத்தில் ஆண்டு இறுதியில் 25-க்கும் குறைவாகவே விட்டார்கள். இப்படிப்பட்ட நிகழ்வு அடுத்து எந்த வழியில் வரும் என்று கணிக்க முயல வேண்டாம். அதைத் தாங்கும் இடைவெளியை நாட்காட்டியிலேயே வைத்துவிடுங்கள். நேரடிக் கப்பலுக்கு ஒரு வாரமும், வழியில் ஒருமுறை கப்பல் மாறும் சரக்குக்குப் பத்து முதல் பதினான்கு நாட்களும் கூடுதலாக வைப்பது நியாயமான அளவு.

கப்பல் மாறும் சேவை என்றால், சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் முகவரான ஃபார்வர்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்தத் துறைமுகத்தில் மாறுகிறது? அங்கிருந்து அடுத்த கப்பல் எத்தனை நாளுக்கு ஒன்று? வாரம் ஒரு கப்பல்தான் என்றால், முதல் கப்பல் ஆறு மணி நேரம் தாமதமானாலும் உங்கள் சரக்கு ஏழு நாள் அங்கே கிடக்கலாம். கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நேரடிக் கப்பலே மலிவாக முடியும் இடங்கள் நிறைய உண்டு.

கட்-ஆஃப் ஒன்றல்ல

புக்கிங் உறுதிச் சீட்டில் கட்-ஆஃப் எனப்படும் கெடுக்கள் பொதுவாக நான்கு இருக்கும். பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) விவரங்களை அனுப்பும் கெடு, விஜிஎம் எனப்படும் சரிபார்த்த எடையைத் தரும் கெடு, சுங்க அனுமதி முடிக்கும் கெடு, கன்டெய்னர் துறைமுக வாசலைக் கடக்கும் கெடு. அபாயச் சரக்குக்கு இவை எல்லாமே முன்னதாக வரும். எல்லோரும் வாசல் கெடுவை மட்டும் நினைவில் வைக்கிறார்கள். ஆனால் ஆவணக் கெடு ஓரிரு நாள் முன்பே முடிந்துவிடுவதால், பெட்டி துறைமுகத்துக்குள் நின்றும் கப்பலில் ஏறாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படுகிறது. நான்கில் எது முதலில் வருகிறதோ அதைத்தான் உங்கள் கெடுவாகக் கொள்ள வேண்டும்.

வாசல் திறக்கும் தேதியும் உண்டு. அதற்கு முன் போனால் லாரியைத் திருப்பி அனுப்புவார்கள், அல்லது முன்கூட்டி வந்ததற்கு வைப்புக் கட்டணம் போடுவார்கள். கப்பல் தாமதமானால் இந்தத் தேதிகளும் நகரும். அந்த அறிவிப்பு உங்களுக்கு வந்தே தீரும் என்று நம்பியிருக்க முடியாது. லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை துறைமுக முனையத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவதைக் கட்டாயப் பழக்கமாக்குங்கள்.

கட்டணத்தை ஒப்பிடும் முறை

அடிப்படைக் கட்டணத்தை மட்டும் வைத்து இரண்டு ஃபார்வர்டர்களை ஒப்பிட முடியாது. எரிபொருள் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம், இரு துறைமுகங்களிலும் கையாளும் கட்டணம், ஆவணக் கட்டணம், சீல், போர் அபாயக் கட்டணம், நெரிசல் காலக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பியத் துறைமுகம் தொடும் சரக்கில் கார்பன் கட்டணமும் வரும். கப்பல்களின் கார்பன் வெளியேற்றத்தில் 2024-க்கு 40 சதவீதம், 2025-க்கு 70, 2026-லிருந்து முழுவதும் என்று ஐரோப்பிய ஒன்றியம் படிப்படியாகக் கணக்கில் சேர்த்திருக்கிறது. நிறுவனங்கள் அந்தச் செலவைச் சர்சார்ஜாக உங்கள் மேல் ஏற்றுகின்றன. சென்ற ஆண்டு கட்டணத்தை வைத்து இந்த ஆண்டு விலை சொல்லியிருந்தால் இடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: கட்டணம் செல்லுபடியாவது எந்த நாளை வைத்து? பெட்டி துறைமுக வாசலைக் கடந்த நாளையா, கப்பல் புறப்பட்ட நாளையா? மாதக் கடைசியில் கப்பல் இரண்டு நாள் தள்ளிப்போனால், புறப்பட்ட நாளை வைத்துக் கணக்கிடும் ஒப்பந்தத்தில் அடுத்த மாதக் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

சரக்கு குறைவாக இருந்தால் பிறருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்சிஎல் முறை உண்டு. அதில் ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம். 2.4 கன மீட்டரில் 1.8 டன் என்றால் 2.4-க்கும், 1.2 கன மீட்டரில் 2 டன் என்றால் 2-க்கும் கட்ட வேண்டும். சுமார் 13 முதல் 15 கன மீட்டரைத் தாண்டினால் தனி 20 அடிப் பெட்டியின் விலையையும் கேட்டுப் பாருங்கள். அது பாதி காலியாகப் போனாலும் மொத்தச் செலவு குறையக்கூடும். எல்சிஎல்-இல் சேரும் துறைமுகத்தில் பிரித்தெடுக்கும் கட்டணம் தனி. கூட வந்தவர் ஒருவரின் ஆவணத்தில் பிழை இருந்தால் பெட்டி முழுக்கச் சுங்கத்தில் நிற்கும் என்பதும் அதன் விலையில் ஒரு பகுதி.

விற்பனை நிபந்தனையை எழுதும்போது ஒரு பழைய பழக்கத்தை விடச் சொல்கிறோம். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபி என்ற நிபந்தனையைப் போடாதீர்கள். எஃப்ஓபி-யில் சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது; ஆனால் கன்டெய்னர் அதற்குப் பல நாட்கள் முன்பே துறைமுக முனையத்திடம் ஒப்படைக்கப்பட்டு அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. அந்த இடைவெளியில் சேதமானால் கட்டுப்பாடே இல்லாத ஒன்றுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். விற்பனை நிபந்தனைகளுக்கான சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் கன்டெய்னருக்கு உரியது எஃப்சிஏ; அதில் ஏற்றிச்செல்பவரிடம் ஒப்படைத்ததோடு விற்பவரின் பொறுப்பு முடிகிறது. கடன் கடிதம் (வாங்குபவரின் வங்கி பணத்துக்குத் தரும் உத்தரவாதம்) கேட்கும் ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்ற குறிப்போடு பில் ஆஃப் லேடிங் பெற எஃப்சிஏ-விலேயே வழி செய்திருக்கிறார்கள். அதேபோல, விலையில் காப்பீடும் போக்குவரத்துக் கட்டணமும் சேரும் நிபந்தனைகள் இரண்டு: சிஐஎஃப், சிஐபி. சிஐஎஃப்-இல் விற்பவர் எடுத்துத்தர வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே. சிஐபி-யில்தான் விரிவான ஏ வகைக் காப்பீடு கட்டாயம். வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியை ஏற்றுக்கொள்ளும் முன்

20 அடிப் பெட்டியின் உள்நீளம் சுமார் 5.89 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39, கதவின் உயரம் 2.28. 40 அடியில் நீளம் 12.03. உயரம் கூடிய 40 அடியில் உள்ளே 2.69, கதவு 2.58. கொள்ளளவு முறையே 33, 67, 76 கன மீட்டர். இரும்பு, கல், ஓடு போன்ற கனமான சரக்குக்கு 20 அடிதான் சரி. 40 அடி இரண்டு மடங்கு இடம் தந்தாலும் இரண்டு மடங்கு எடை தூக்காது. சாலை எடை வரம்பு அதற்கும் முன்பே குறுக்கிடும்.

காலிப் பெட்டி வந்ததும் ஏழு இடங்களைப் பாருங்கள்: அடிப்பகுதி, கதவுகள், இரு பக்கச் சுவர், முன்சுவர், கூரை, தரை. பிறகு ஒருவர் உள்ளே நிற்க, வெளியே ஒருவர் காவல் நின்று கதவுகளை முழுவதும் மூடுங்கள். இருட்டில் எங்காவது ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியே கடல் நீரும் மழையும் வரும். அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருக்கிறதா, தரைப் பலகையில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை கையில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வாசனையும் முக்கியம்: முன்பு மசாலா, தோல், ரசாயனம் ஏற்றிய பெட்டியில் துணியோ தேயிலையோ உணவுப் பொருளோ வைத்தால் வாசனை பிடித்துக்கொள்ளும். கதவில் உள்ள பாதுகாப்புத் தகட்டின் தேதி தாண்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சரக்கு ஏற்றிய பிறகு கண்டுபிடித்த ஓட்டை எதுவும் உங்கள் ஓட்டையாகத்தான் கணக்காகும்.

சரக்கு ஏற்றுவது

பேலட் (சரக்கை அடுக்கித் தூக்கும் மரத் தட்டு) கணக்கில் ஏமாறுவது எளிது. 1.2 × 1.0 மீட்டர் பேலட் இரண்டை 1.2 பக்கம் குறுக்கே வரும்படி அருகருகே வைத்தால் 2.40 மீட்டர் வேண்டும், உள்ளகலம் 2.35 தான். ஆகவே ஒன்றை நீளவாட்டிலும் அடுத்ததைக் குறுக்கிலுமாகச் சக்கரம் போல நான்கை வையுங்கள். அது 2.2 × 2.2 மீட்டர் சதுரமாகும். 20 அடியில் இரண்டு சதுரங்கள், கடைசியில் இரண்டு பேலட் நேராக, மொத்தம் 10. 40 அடியில் ஐந்து சதுரங்களும் ஒன்றும் சேர்ந்து 21. அட்டைப்பெட்டி பேலட் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர் துருத்தினாலும் இந்தக் கணக்கு உடையத் தொடங்கும். கடைசி பேலட் வெளியே நிற்கும்.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பேலட் வைப்பதானால், சாதாரண உயரப் பெட்டியில் ஒவ்வொன்றும் சரக்கோடு சேர்த்து 1.08 மீட்டரைத் தாண்டாமல் கட்டுங்கள். ஃபோர்க்லிஃப்ட் மேல் பேலட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோகக் கதவு உயரத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வேண்டும்.

அட்டைப்பெட்டிகளை மூலைக்கு மூலை நேர்த்தூணாக அடுக்குங்கள். செங்கல் வைப்பது போல மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் அட்டைப்பெட்டியின் வலிமை மூலைகளில் இருப்பதால், அந்த அடுக்கில் தாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஈரக் காற்றும் அதையே செய்யும்: 90 சதவீத ஈரப்பதத்தில் அட்டை தன் வலிமையில் பாதியை இழக்கிறது. கிடங்கில் எட்டு அடுக்கு தாங்கிய பெட்டி நடுக்கடலில் நசுங்குவது இதனால்தான்.

எடைப் பகிர்வில் எளிய விதி ஒன்று உண்டு. பெட்டியின் நீளத்தில் எந்தப் பாதியிலும் மொத்தச் சரக்கெடையில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 20 டன் சரக்கென்றால் எந்தப் பாதியிலும் 12 டன் தாண்டக் கூடாது. கனமானவை கீழே, இலேசானவை மேலே. திரவம் கீழே, உலர்ந்தது மேலே. சிறிய அடிப்பரப்பில் பெரும் எடை தரும் இயந்திரத்தை நேரே தரையில் வைக்காதீர்கள். தரை தாங்குவது மீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான்: 20 அடியில் நீளத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 4.5 டன், 40 அடியில் சுமார் 3 டன். கனமான மரச்சட்டங்களை நீளவாக்கில் போட்டு எடையைப் பரப்புங்கள்.

அடுத்தது கட்டுவது. கடும் கடலில் சரக்கின் மேல் பக்கவாட்டில் அதன் எடையில் 0.8 மடங்கு வரை விசை செயல்படும் என்று எடுத்துக்கொள்வது சரக்கு ஏற்றலுக்கான சர்வதேச நடைமுறைத் தொகுப்பின் அளவு. சாலையில் திடீரென்று பிரேக் போட்டால் முன்னோக்கியும் அதே 0.8. 1.5 டன் மரப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டு விசை 1.2 டன். மரத்துக்கும் தரைப் பலகைக்கும் உராய்வு 0.45, அது 675 கிலோவைப் பிடித்துக்கொள்ளும். மீதி 525 கிலோவைக் கட்டையோ கயிறோ தாங்க வேண்டும். அடியில் உராய்வு ரப்பர் விரிப்பு போட்டால் உராய்வு 0.6 ஆகி, மீதி 300 கிலோவாகக் குறைகிறது. சில துண்டு ரப்பர் இவ்வளவு வேலை செய்கிறது; ஆனால் பெரும்பாலோர் கட்டும் பட்டையில்தான் பணத்தைப் போடுகிறார்கள். கன்டெய்னரின் கீழ்த் தளத்துக் கொக்கி ஒன்று தாங்குவது ஒரு டன், கூரையோரக் கொக்கி அரை டன் மட்டுமே. ஐந்து டன் பட்டையை அரை டன் கொக்கியில் மாட்டி இறுக்கினால் பாதுகாப்பு அரை டன்தான்.

இடைவெளிகள்தான் மிகப் பெரிய எதிரி. குறுக்கேயோ நெடுக்கேயோ எல்லா இடைவெளிகளையும் கூட்டினால் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன சக்கர அடுக்கில் பக்கச் சுவரோரம் 15 சென்டிமீட்டரும், சதுரத்தின் நடுவில் 20 சென்டிமீட்டர் குழியும், கடைசி இரண்டு பேலட்டின் ஓரம் 35 சென்டிமீட்டரும் மீதியாகும். இவற்றை மரச்சட்டத்தாலோ காற்றுப் பையாலோ நிரப்ப வேண்டும். காற்றுப் பையைக் கூரிய விளிம்பு படும்படி வைக்காதீர்கள், கதவுக்கும் சரக்குக்கும் இடையிலும் வைக்காதீர்கள். ஊதிய பை கதவை அழுத்திக்கொண்டிருக்கும்போது மறுமுனையில் தாழ்ப்பாளை நீக்குபவர் மேல் கதவு பாய்ந்து அடிக்கும். கதவோரச் சரக்கை வலையாலும் குறுக்குச் சட்டத்தாலும் தடுத்து நிறுத்துங்கள். திறப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, அவர் பத்திரமாகத் திறக்க வேண்டும்.

பெட்டிக்குள் பெய்யும் மழை

30 பாகை வெப்பத்தில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் கோக்கத் தொடங்கும். பகலில் கூரை சுட்டு, இரவில் சட்டென்று குளிரும்போது கூரையின் உட்புறத்தில் துளிகள் சேர்ந்து சரக்கின் மேல் சொட்டுகின்றன. ஓட்டை இல்லாத பெட்டியிலும் மேல் அடுக்கு அட்டைகள் நனைந்து வருவது இப்படித்தான்.

எல்லோரும் காற்றைக் குறை சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30 பாகையில் முழுக்க ஈரமான காற்று ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் நீர் வைத்திருக்கும். 40 அடிப் பெட்டியின் 67 கன மீட்டரில் அது இரண்டு லிட்டர்தான். ஆனால் காய்ந்த நிலையில் 20 கிலோ எடையுள்ள மரப் பேலட் 30 சதவீத ஈரத்தோடு வந்தால் அதில் 6 கிலோ நீர். 15 சதவீதமென்றால் 3 கிலோ. இருபது பேலட்டுக்கு வித்தியாசம் 60 லிட்டர். கால்சியம் குளோரைடு பைகள் தம் எடையைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீரை உறிஞ்சும். 40 அடிப் பெட்டியில் வழக்கமாகத் தொங்கவிடும் எட்டு கிலோ பைகள் 12 முதல் 16 லிட்டரை எடுக்கலாம். ஈரப் பேலட்டோடு அவை ஜெயிக்க முடியாது.

ஆகவே ஈரமானியை வாங்கி வையுங்கள். பேலட்டும் தடுப்புக் கட்டைகளும் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் உள்ளே விடுங்கள். மரத்தின் நடுப்பகுதியை 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை பூச்சிக்காகத்தான்; முத்திரை இருந்தால் மரம் காய்ந்திருக்கிறது என்று பொருளில்லை. முத்திரை குத்திய பேலட் மழையில் நனைந்தும் நிற்கலாம். முத்திரையே இல்லாத தடுப்புக் கட்டை ஒன்று உள்ளே இருந்தாலும் பல நாடுகளில் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புவார்கள் அல்லது புகையூட்டச் சொல்வார்கள். மழை பெய்யும்போது சரக்கு ஏற்றாதீர்கள். உறிஞ்சும் பைகளை ஏற்றி முடித்தபின், கதவை மூடும் முன் கடைசியாகப் பிரித்துத் தொங்கவிடுங்கள். காலையில் பிரித்து மாலையில் கதவை மூடினால் பாதி வேலை வெளிக்காற்றிலேயே முடிந்துவிடும்.

எடை, சீல், அபாயச் சரக்கு

2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. முழுப் பெட்டியையும் எடைப்பாலத்தில் நிறுத்தலாம், அல்லது உள்ளே போவதனைத்தையும் எடைபோட்டுக் கதவில் எழுதியிருக்கும் காலிப்பெட்டி எடையைக் கூட்டலாம். இரண்டாவது முறையில் விடுபடுவது எப்போதும் பேலட்டும் கட்டைகளும்தான். சரக்கு 17,640 கிலோ, 25 கிலோ வீதம் 20 பேலட் 500, கட்டையும் பட்டையும் 60, காலிப்பெட்டி 3,780: மொத்தம் 21,980. பேலட்டை மறந்தால் அரை டன் பிழை. கப்பலில் அடுக்கும்போது கனமான பெட்டி மேலே போய்விடும்.

சீல் ஐஎஸ்ஓ 17712 தரத்தில் ஹெச் எழுத்துள்ள ஆணி வகையாக இருக்கட்டும். கண்ணால் பார்த்து, எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டு, இழுத்து, முறுக்கிப் பார்த்துவிடுங்கள். காலிப் பெட்டி, பாதி ஏற்றியது, முழுதும் ஏற்றியது, ஒரு கதவு மூடியது, பெட்டி எண் தெரியும்படி இரண்டும் மூடியது, சீல் எண் என்று படங்கள் எடுங்கள். லாரியை வெளியே விடும் முன் வண்டி எண்ணையும் ஓட்டுநரின் அடையாளத்தையும் ஃபார்வர்டர் அனுப்பிய விவரத்தோடு ஒப்பிடுங்கள். போலிப் பெயரில் வந்து முழுச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு மறைவது இப்போது பல நாடுகளில் பெருகிவரும் திருட்டு.

அபாயச் சரக்கைச் சாதாரணச் சரக்கென்று எழுதினால் கட்டணம் மிச்சமாகும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2021 மே மாதம் கொழும்பருகே தீப்பற்றி எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் அழிந்ததற்கு முன்பு, அதிலிருந்த ஒரு கன்டெய்னரிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டி போதும். விதிகளும் மாறுகின்றன: 2026 ஜனவரி முதல் கரி வகைகளுக்கு முன்பிருந்த விலக்கு போய், அனைத்தும் அபாயச் சரக்காகவே அறிவிக்கப்பட வேண்டும். தயாரித்தபின் குறைந்தது 14 நாள் ஆறவிட்டு, பெட்டியில் ஏற்றும் நாளில் 40 பாகைக்கு மேல் சூடில்லாமல், மேலே 30 சென்டிமீட்டர் இடம்விட்டு ஏற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ள எந்தப் பொருளையும், அது பொம்மைக்குள் இருந்தாலும், புக்கிங்கின்போதே சொல்லிவிடுங்கள்.

காகிதம்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றிலும் பெயர், எண்ணிக்கை, மொத்த எடை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 840 அட்டைகள், மற்றொன்றில் 42 பேலட் என்று எழுதினால் சுங்கத்தில் கேள்வி வரும். இரண்டையும் இரண்டிலும் எழுதுங்கள். பில்லில் வெறுமனே ‘1 கன்டெய்னர்’ என்று எழுதவிடாதீர்கள். கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக்-விஸ்பி விதிப்படி கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. உள்ளே இருக்கும் பொதிகளை எண்ணி எழுதாவிட்டால் முழுப் பெட்டியும் ஒரே பொதியாகக் கணக்காகும்.

கடன் கடிதத்தின் கீழ் விற்றால், வேறு கெடு சொல்லப்படாதவரை, சரக்கேற்றிய நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும். அச்சிட்ட பில் கூரியரில் போய்ச் சேரும் முன் கப்பல் சேர்ந்துவிடும் குறுகிய பயணங்களுக்கு சீ வேபில்லோ (மூல ஆவணத்தைக் காட்டாமலே சரக்கை எடுக்க உதவும் சீட்டு) மின்னணு பில்லோ பொருந்தும். பிரிட்டன் 2023-ல் மின்னணு வணிக ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தது. பெரிய கப்பல் நிறுவனங்கள் பல 2030-க்குள் முழுதும் மின்னணுவுக்கு மாறுவதாக உறுதி சொல்லியிருக்கின்றன. வாங்குபவரின் வங்கி ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் தொலைபேசியில் கேட்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

டெமரேஜ், டிடென்ஷன், இழப்பீடு

துறைமுகத்துக்குள் பெட்டி இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலியாகத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். இவை இரண்டும் கப்பல் நிறுவனத்துக்கு. துறைமுக முனையம் இட வாடகை என்று மூன்றாவது பில்லும் போடலாம். ஏழு நாள் இலவசம் என்றால் எதிலிருந்து ஏழு என்று கேளுங்கள். 3-ந்தேதி இறங்கிய பெட்டிக்கு அன்றையே முதல் நாளாக எண்ணினால் 9-ந்தேதி முடிகிறது. மறுநாளிலிருந்து எண்ணினால் 10. விடுமுறைகளும் பெரும்பாலும் கணக்கில் சேரும். நாட்கள் கூடக் கூட ஒரு நாளின் விகிதமும் படிப்படியாக ஏறும். இரண்டாம் வாரம் முதல் வாரத்தைவிடப் பலமடங்கு கடிக்கும்.

இலவச நாட்களைப் பேசி வாங்கும் காலம் புக்கிங்குக்கு முன்பு மட்டுமே. அப்போது 14 நாள் கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. பெட்டி இறங்கிய பிறகு கெஞ்சித்தான் பார்க்க வேண்டும். கிடைத்ததை எழுத்தில், புக்கிங் சீட்டிலேயே பெற்றுக்கொள்ளுங்கள். இறக்குமதியாளர் கப்பல் வருவதற்கு ஐந்து நாள் முன்பே சுங்க ஆவணங்களைத் தாக்கல் செய்து, லாரிக்கும் கிடங்கு ஆட்களுக்கும் நாள் குறித்துவிட்டால் இந்தப் பில்களில் பெரும்பகுதி எழவே எழாது.

பெட்டியைத் திறக்கும் முன் சீல் எண்ணை ஒப்பிட்டுப் படமெடுங்கள். சேதம் தெரிந்தால் சரக்கை இறக்குவதை நிறுத்திவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரை அழையுங்கள். சரக்கைப் பிரித்துவிட்ட பிறகு கட்டு தளர்ந்திருந்தது என்று நிரூபிக்க முடியாது. வெளியே தெரியும் சேதத்துக்கு எடுக்கும்போதே கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பு. உள்ளே மறைந்திருந்த சேதத்துக்கு ஹேக்-விஸ்பி விதியில் மூன்று நாள். வழக்குக்குக் கெடு ஓராண்டு. 400 கிலோ இயந்திரம் ஒன்று முற்றிலும் அழிந்தாலும் கப்பல் நிறுவனம் தர வேண்டியது கிலோ கணக்கில் 800 எஸ்டிஆர் மட்டும். மீதியைத் தருவது உங்கள் காப்பீடு.

காப்பீடு இல்லாமல் அனுப்புவோர் பொதுச் சராசரி இழப்பு என்ற விதியை அறிந்திருக்க வேண்டும். கப்பலையும் சரக்கையும் காப்பாற்றச் செய்த செலவைக் கப்பல் உரிமையாளரும் அதில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும். 2021 மார்ச் 23-ல் சூயஸில் சிக்கி 29-ல் விடுபட்ட எவர் கிவன் கப்பலில் இதை அறிவித்தார்கள். சேதமே இல்லாத சரக்கின் உரிமையாளரும் உத்தரவாதம் தந்த பிறகே பெட்டியை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் நிறுவனம் அந்தக் கடிதத்தைத் தரும். இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும்.

காலிப் பெட்டியைத் திருப்பும் முன் பெருக்கி, ஆணிகளைப் பிடுங்கி, கட்டைகளை அகற்றி, அபாயச் சரக்கு ஒட்டுப்படங்களைக் கிழித்தெடுங்கள். இல்லையென்றால் சுத்தம் செய்யும் பில் வரும். எந்த டிப்போவில் விட வேண்டும் என்பதை லாரி கிளம்பும் காலையில் மறுபடி கேளுங்கள், அது அடிக்கடி மாறும். அங்கே தரும் ஒப்படைப்புச் சீட்டில் தேதியும் நேரமும் பெட்டியின் நிலையும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, குறைந்தது ஓராண்டு பத்திரமாக வையுங்கள். டிடென்ஷன் பில் சில மாதங்கள் கழித்து வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சீட்டுதான்.